எந்த கிரவுண்ட் ஸ்கூல் நல்லது? அதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே விமானிகளுக்கான 13 தியரி தேர்வுகளையும் எழுதி முடித்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து, எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. "ப்ரோ, எந்த கிரவுண்ட் ஸ்கூல் பெஸ்ட்?" கேட்பவர்களில் என்னைப் போல முப்பதைத் தாண்டிய சாஃப்ட்வேர்காரர்கள் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்களும் உண்டு.

கேள்வியில் தப்பில்லை. நாம் வளர்ந்த ஊரில் எல்லாப் படிப்பும் அப்படித்தான் ஆரம்பித்தது. எந்த டியூஷன் சென்டரில் பாஸ் பர்சன்டேஜ் அதிகம், எந்த சென்டர் வாசல் ஃபிளெக்ஸில் அதிக ஃபோட்டோ இருக்கிறது என்று பார்த்துத்தான் அப்பா அம்மா நம்மைச் சேர்த்துவிட்டார்கள். அதே கண்ணோடு கிரவுண்ட் ஸ்கூலையும் பார்க்கிறோம்.

ஆனால் 'எந்தப் பள்ளி நல்ல பள்ளி' என்பது நான்காவது கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் தெரியாமல் மிகச் சிறந்த பள்ளியில் சேர்ந்தாலும் பணம் வீணாகலாம். மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பள்ளிகளின் பட்டியல் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். நான் பிரிட்டனில் இருக்கிறேன், அதனால் இங்குள்ள நடைமுறையை வைத்தே பேசுகிறேன். கணக்கு மற்ற நாடுகளுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் விமான நிறுவனத்தில் வேலை பார்க்கவில்லை. தியரி முடித்துவிட்டு, வார இறுதிகளில் பறக்கும் மணி நேரங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பள்ளிக்கும் விளம்பரம் செய்யும் உத்தேசமும் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் பள்ளியின் பெயர் எதுவும் இருக்காது.

என்ன படிக்க வேண்டியிருக்கிறது?

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக. பயணிகள் விமானம் ஓட்ட வேண்டுமென்றால் ஏ.டி.பி.எல். எனப்படும் உரிமத்துக்கான தியரி தேர்வுகளை எழுத வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மொத்தம் 13 தாள்கள். வான்போக்குவரத்துச் சட்டம், விமானத்தின் அமைப்பும் என்ஜினும், கருவிகள், எடையும் சமநிலையும், செயல்திறன், பயணத் திட்டமிடல், மனிதத் திறன்களும் வரம்புகளும், வானிலை, பொது வழிகாட்டல், ரேடியோ வழிகாட்டல், இயக்க நடைமுறைகள், பறத்தலின் தத்துவம், தகவல் தொடர்பு.

ஒவ்வொரு தாளிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். பெரும்பாலும் கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. கேட்க சுலபமாகத் தோன்றும். ஆனால் பகுதி நேரமாகப் படிக்கும் மாட்யுலர் முறையில் பாடத்திட்டத்தின் அளவு குறைந்தபட்சம் 650 மணி நேரம். பி.இ. படித்தவன் என்பதற்காக ஒரு தாள்கூடத் தள்ளுபடி கிடையாது. பிளஸ் டூ இயற்பியல் ஒழுங்காகப் படித்திருந்தால் பறத்தலின் தத்துவம் கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான்.

மாட்யுலர் முறையில் சேர முதலில் பி.பி.எல். என்ற தனியார் விமானி உரிமம் கையில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முழுநேரமாக ஒரே இடத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை படிக்கும் இன்டக்ரேட்டட் முறையில் இந்த நிபந்தனை இல்லை. ஆனால் அதற்குச் செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தொடும், சில இடங்களில் தாண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல் செலவு மருத்துவப் பரிசோதனையாக இருக்கட்டும். வணிக விமானிக்குத் தேவையான கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழை முதல் தடவை அங்கீகரிக்கப்பட்ட வான்மருத்துவ மையத்தில் போய்த்தான் வாங்க வேண்டும். கண், காது, இதயம், நிறப் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது மட்டுமே தடையல்ல, வரம்புகள் உண்டு. நிறக்குருடு இருப்பது பலருக்கு அந்த மையத்தில்தான் முதல்முறையாகத் தெரிய வருகிறது. ஃபீஸ் கட்டிய பிறகு தெரிவதைவிட அதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் கேள்வி: எந்த நாட்டு உரிமம்?

ஹேரோவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். மகனுக்கு 19 வயது, லண்டனில் பிறந்தவன். சென்ற ஆண்டு அந்த அம்மா போன் செய்தார்.

"தம்பி, இவன் பைலட்டாத்தான் வருவன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான். ஸ்பெயினில ஒரு பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமைக்கிடையில டெபாசிட் கட்டச் சொல்லீனம். வீட்டை ரீமோர்ட்கேஜ் செய்வம் எண்டு இவர் சொல்லுறார். நீங்கள் படிச்சனீங்கள்தானே, அது நல்ல பள்ளிக்கூடமோ?"

நான் திருப்பிக் கேட்டேன். "அக்கா, தம்பிக்கு என்ன பாஸ்போர்ட்?"

"பிரிட்டிஷ்தான். ஏன்?"

இந்த 'ஏன்'தான் விஷயமே. பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் இயாசா எனப்படும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பில் இல்லை. அதற்கு முன்பு ஐரோப்பா முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே உரிமம். இப்போது பிரிட்டனின் சி.ஏ.ஏ. நடத்தும் 13 தாள்கள் வேறு, இயாசா நாடுகளின் 13 தாள்கள் வேறு. பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் பாஸ் செய்ததை மற்றது ஏற்காது. இரண்டு உரிமமும் வேண்டும் என்று 26 தாள்கள் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

உரிமம் கையில் இருந்தால் மட்டும் வேலை கிடைக்காது. அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமையும் வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் வேலை அறிவிப்பிலேயே தடையில்லாத வேலை உரிமையைக் கேட்கின்றன. ஐ.டி.யில் நம்மை விசா ஸ்பான்சர் செய்து கூட்டிவந்தது போல, புதிதாக உரிமம் வாங்கிய விமானியையும் செய்வார்கள் என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

அந்தப் பையனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பள்ளி தருவது இயாசா உரிமத்துக்கான படிப்பு. பாரிஸில் இருக்கும் அவன் சித்தப்பா மகனுக்கு அந்தப் பள்ளி பொருத்தமாக இருந்திருக்கலாம். இவனுக்கு அந்த உரிமத்தோடு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் வேலைக்குப் போக உரிமை இல்லை, பிரிட்டனில் வேலைக்குப் போகச் சரியான உரிமம் இல்லை. "பிரிட்டிஷ் சி.ஏ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, இருந்தால் எண் என்ன என்று மெயிலில் கேளுங்கள்" என்றேன். "தற்போது இல்லை, விண்ணப்பித்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை டெபாசிட் கட்டவில்லை. ஸ்பெயினிலேயே இரண்டு அங்கீகாரமும் வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு, அதனால் நாட்டை வைத்து எதையும் ஒதுக்க வேண்டாம். அங்கீகாரம் என்ன என்பதை மட்டும் பாருங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ் போல சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் இயாசா முறைதான். அந்த இரண்டு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்த அமைப்பில் இருக்கின்றன. கனடாவில் கதையே வேறு. அங்கே ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகள் சம்ரா, சாரான் என்ற இரண்டு. அமெரிக்காவில் ஏ.டி.பி. எழுத்துத் தேர்வு ஒன்றே ஒன்று, ஆனால் அதை எழுதும் முன் ஒரு தனிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பி ஓட்டுவதாக எண்ணமிருந்தால் டி.ஜி.சி.ஏ.வின் தாள்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும், அங்கே தேர்ச்சி மதிப்பெண் 70 சதவீதம்.

ஆகவே பத்து வருடம் கழித்து எந்த நாட்டில் குடியிருக்கப் போகிறோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கிரவுண்ட் ஸ்கூல் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. ஊரில் பெற்றோர், இங்கே பிள்ளைகள், நடுவில் பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று நமக்கு எல்லாம் பாதியில்தானே நிற்கிறது.

இரண்டாவது கேள்வி: வாரத்தில் எத்தனை மணி நேரம்?

650 மணி நேரம் என்பதை உங்கள் வாரத்தால் வகுத்துப் பாருங்கள். வாரம் 15 மணி நேரம் கிடைத்தால் சுமார் 43 வாரங்கள். 10 மணி நேரம்தான் முடியும் என்றால் 65 வாரங்கள். இதில் காய்ச்சல், ஊர்ப் பயணம், புரொடக்‌ஷன் ரிலீஸ் எதுவும் சேரவில்லை.

என் கணக்கு இதுதான். திங்கள் முதல் வியாழன் வரை காலை 5 முதல் 6.30 வரை. சனிக்கிழமை 5 மணி நேரம், ஞாயிறு 4 மணி நேரம். மொத்தம் 15. இதை ஒரு காகிதத்தில் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "நீங்க படிங்க. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாப்பாவோட நீச்சல் கிளாஸ் உங்க பொறுப்பு. அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றார். ஒப்பந்தம் கையெழுத்தானது. 43 வாரம் என்று போட்ட கணக்கு நடைமுறையில் 14 மாதம் ஆனது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், தேர்வுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. முதல் தாளை எழுதும் மாதத்தின் கடைசி நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் 13 தாள்களையும் முடிக்க வேண்டும். மார்ச் 10 அன்று முதல் தாள் எழுதினால், அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 வரை நேரம். ஒரு தாளுக்கு அதிகபட்சம் நான்கு முயற்சிகள். நான்கிலும் தோற்றாலோ, 18 மாதம் தாண்டினாலோ, ஏற்கெனவே பாஸ் ஆன தாள்களும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

கவனியுங்கள், கடிகாரம் ஓடத் தொடங்குவது பள்ளியில் சேரும் நாளில் அல்ல, முதல் தாள் எழுதும் நாளில். அதனால் "சேர்ந்த மூன்றாவது மாதத்திலேயே முதல் தேர்வு எழுத வைத்துவிடுவோம்" என்று பள்ளி சொல்வது எல்லோருக்கும் நல்ல செய்தி அல்ல. முழுநேர மாணவனுக்குச் சரி. ஆன்கால் பார்த்துக்கொண்டு படிப்பவன், மீதிப் பாடங்களை எப்போது முடிப்பேன் என்ற தேதி தெரிந்த பிறகே முதல் தாளுக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்விதான் வழி. ஆனால் அதிலும் மொத்தக் காலத்தில் குறைந்தது 10 சதவீதம் வகுப்பறைப் பயிற்சியாக இருக்க வேண்டும் என்பது விதி. 650இல் 65 மணி நேரம். அந்த வகுப்புகள் ஒரே வாரமாகத் தொடர்ந்து நடக்குமா, சனி ஞாயிறுகளில் நடக்குமா, நேரில் போக வேண்டுமா, ஆன்லைனில் உட்கார்ந்தால் போதுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நம் வருட விடுப்பில் ஒரு பெரிய பகுதியை அதுதான் சாப்பிடும். ஊருக்குப் போக வைத்திருக்கும் லீவும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி: அடுத்த பணம் எப்போது?

தொலைநிலை கிரவுண்ட் ஸ்கூல் சில ஆயிரம் பவுண்டுகளில் முடிந்துவிடும். மொத்தச் செலவில் இது சிறிய பங்கு. அதனால்தான் பலர் 'முதலில் தியரியை முடித்து வைப்போம், பணம் வரும்போது பறந்துகொள்ளலாம்' என்று ஆரம்பிக்கிறார்கள்.

இங்கே இரண்டாவது கடிகாரம் காத்திருக்கிறது. 13 தாள்களும் பாஸான பிறகு 36 மாதங்களுக்குள் வணிக விமானி உரிமத்தையும், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் தியரி காலாவதி. மாட்யுலர் வழியில் வணிக உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பி.பி.எல். முடித்தவர் கையில் ஐம்பது, அறுபது மணி நேரம் இருக்கும். மீதியைப் பிரிட்டனின் மழைக்கும் மேகத்துக்கும் நடுவே, சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்க்க வேண்டும். எனவே பள்ளியில் சேரும் முன்பே மூன்று வருடத்துக்கான பறக்கும் செலவைச் சம்பளக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் தியரியை ஒரு வருடம் தள்ளிப்போடுவதே லாபம். புத்தகம் எங்கும் போய்விடாது.

பணத்தைக் கட்டும் விதமும் முக்கியம். 2023இல் பிரிட்டனில் இரண்டு விமானப் பயிற்சி நிறுவனங்கள் மூடப்பட்டன. முன்பணமாகக் கட்டியிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பள்ளி நல்ல பள்ளியா என்பது வேறு, அது திவாலாகுமா என்பது வேறு. சிரித்த முகமும் புது விமானமும் பேங்க் பேலன்ஸைக் காட்டாது.

ஆகவே மொத்தமாகக் கட்டாதீர்கள். பாடங்களை இரண்டு மூன்று தொகுதிகளாகப் பிரித்துத் தொகுதிக்கு ஏற்பப் பணம் வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன. கிரெடிட் கார்டில் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளோ சேவையோ கார்டில் வாங்கும்போது, விற்றவரோடு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. பள்ளி மூடினால் கார்டு கம்பெனியிடம் கேட்க வழி இருக்கிறது. பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பிய பணத்துக்கு இந்தப் பிரிவு உதவாது. "மொத்தமாக டிரான்ஸ்ஃபர் செய்தால் 10 சதவீதம் தள்ளுபடி" என்றால், அந்தத் தள்ளுபடிக்காக எந்தப் பாதுகாப்பை விற்கிறோம் என்று யோசியுங்கள்.

இப்போது நான்காவது கேள்வி: எந்தப் பள்ளி?

மூன்று கேள்விகளையும் தாண்டியபோது என் பட்டியலில் மூன்று பள்ளிகள் மிஞ்சின. மூன்றுக்கும் ஒரே மெயில் அனுப்பினேன். பாடத்திலிருந்து ஒரே ஒரு சந்தேகம்: "கடும் குளிரில் ஆல்டிமீட்டர் ஏன் உண்மையான உயரத்தைவிட அதிகமாகக் காட்டுகிறது?"

ஒரு பள்ளி பிராஸ்பெக்டஸை அனுப்பி, எப்போது பேசலாம் என்று கேட்டது. இன்னொரு பள்ளி, சூட்டிலிருந்து குளிருக்குப் போனால் ஜாக்கிரதை என்ற பொருளில் ஒரு எதுகை வாசகத்தை அனுப்பி, இதை மனப்பாடம் செய்தால் தேர்வுக்குப் போதும் என்றது. மூன்றாவது பள்ளியிலிருந்து இரண்டு நாள் கழித்து ஓர் ஆசிரியர் கையால் வரைந்த படத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். குளிர்ந்த காற்று சுருங்கும், அழுத்த அடுக்குகள் ஒன்றையொன்று நெருங்கிக் கீழே இறங்கும், கருவி அளப்பது அழுத்தத்தை மட்டுமே, அதற்குக் காற்றின் குளிர் தெரியாது என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கணக்கு. ஒவ்வொரு 10 டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 4 சதவீதம். தர நிலையைவிட 30 டிகிரி குளிர்ந்த நாளில் கருவி 2,000 அடி காட்டினால், நீங்கள் இருப்பது கிட்டத்தட்ட 1,760 அடியில். "அந்த 240 அடியில் ஒரு குன்று இருக்கலாம்" என்று முடித்திருந்தார்.

நான் மூன்றாவது பள்ளியில் சேர்ந்தேன். அங்கே இணையதளம் பழசு, வீடியோக்கள் சுமார் ரகம். ஆனால் படிப்பின் நடுவே, காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு ரேடியோ வழிகாட்டல் கணக்கில் மாட்டிக்கொள்ளும்போது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்ற தைரியம் இருந்தது.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. கூடவே இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். சந்தேகங்களுக்கு யார் பதில் சொல்வார், எத்தனை நாளில்? தேர்வுக்கு அனுப்பும் முன் பள்ளியின் சொந்தத் தேர்வு உண்டா? பள்ளியின் பரிந்துரை இல்லாமல் தேர்வு எழுத முடியாது, ஆகவே அதை எந்த அடிப்படையில் தருகிறார்கள்? ஒரு தாள் போனால் மறுபடி வகுப்பில் உட்கார தனிக் கட்டணமா? கடைசியாக முடித்த இரண்டு மாணவர்களிடம், முக்கியமாக வேலையில் இருந்துகொண்டே படித்தவர்களிடம், பேச முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்கும் பள்ளியைப் பற்றி நானும் தயங்குவேன்.

பாஸ் பர்சன்டேஜை மட்டும் தனியாக நம்பாதீர்கள். பலவீனமான மாணவர்களைத் தேர்வுக்கே அனுப்பாத பள்ளிக்கும் 95 சதவீதம் வரும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 13 தாள்களையும் முடித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு எண்.

வினா வங்கியும் கோனார் உரையும்

இனி நம் ஆட்களுக்கே உரிய ஒரு விஷயம். நாம் கோனார் உரை படித்து வந்தவர்கள். பத்து வருட கொஸ்டின் பேப்பரைத் தீர்த்தால் சென்டம் என்று கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள். நாமக்கல் ஹாஸ்டல்களில் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி மதிப்பெண் எடுக்க வைத்த காலத்தைப் பார்த்தவர்கள். அந்தத் திறமை நமக்கு ரத்தத்தில் இருக்கிறது.

விமானித் தேர்வுக்கும் வினா வங்கிகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கேள்விகள், மொபைலில். பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் பயன்படுத்தினேன், எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். முதல் முயற்சித் தேர்ச்சியையும் சராசரியையும் கேட்கும் விமான நிறுவனங்கள் உண்டு என்பதால் மதிப்பெண்ணும் முக்கியம்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே வினா வங்கியை மட்டும் கொடுத்து ஓட்டும் பள்ளி, 75 சதவீதத்தை விற்கிறது. படிப்பை விற்கவில்லை.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், போயிங் 767, எட்மன்டன் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தொட்டியில் இருப்பதைக் கையால் அளந்து, லிட்டரை எடையாக மாற்றினார்கள். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். லிட்டரைக் கிலோவாக்க சுமார் 0.8 ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77 ஆல், அது பவுண்டுக்கான எண். தேவை 22,300 கிலோ, இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜின்களும் நின்றுபோயின. கேப்டன் ராபர்ட் பியர்சன் விமானத்தை கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

லிட்டரையும் கிலோவையும் பவுண்டையும் மாற்றும் கணக்கு பயணத் திட்டமிடல் தாளில் இன்றும் இருக்கிறது. வினா வங்கியில் அது ஒரு மதிப்பெண். விடை 'பி' என்று ஞாபகம் வைத்து அந்த மதிப்பெண்ணை வாங்கிவிடலாம். ஆனால் பெருக்கி வந்த எண்ணைப் பார்த்ததும் 'இவ்வளவு இருக்க வாய்ப்பில்லையே' என்று உள்ளே ஒரு மணி அடிக்க வேண்டும். அது விடைகளை மனப்பாடம் செய்தால் வராது. சாஃப்ட்வேரில் யூனிட் தப்பானால் ரோல்பேக் செய்கிறோம். ஆகாயத்தில் ரோல்பேக் பட்டன் கிடையாது.

ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் இது புரிந்திருக்கிறது. இயாசா முறையில் 13 தாள்களுக்கு வெளியே, அறிவு, திறன், மனப்பாங்கு ஆகியவற்றைப் பள்ளியே மதிப்பிட வேண்டும் என்ற பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. அதில் மனக்கணக்கும் உண்டு. வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த நமக்கு அது பிடித்த பாடமாகவே இருக்கும். பள்ளியிடம் அந்தப் பகுதியை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள். 'அது சும்மா ஃபார்மாலிட்டி' என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

வீட்டில் என்ன சொல்வது?

கோவையில் இருக்கும் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "ஏஞ்சாமி, ஏசி ரூம்ல உக்காந்து பாக்கற வேலைய உட்டுப்போட்டு டிரைவர் வேலைக்குப் போறேங்கற?" என்றார். "வேலைய உடலீங்ப்பா. இப்போதைக்குப் படிக்கறது மட்டுந்தானுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடன் ஏதும் வாங்கிப்போடாத" என்றார்.

அவர் விமானத்தின் காக்பிட்டைப் பார்த்ததில்லை. ஆனால் நான் மேலே இத்தனை சொற்களில் சொல்ல முயன்றதில் பாதியை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். கிரவுண்ட் ஸ்கூல் கட்டணத்தைச் சம்பளத்திலேயே கட்டலாம். வேலையை விடாமல் படிக்கலாம். இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருகிறதா, விடியற்காலையில் எழுந்து வானிலைப் படங்களைப் பார்க்க மனம் விரும்புகிறதா என்பது அந்தச் சில மாதங்களில் தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் அந்த இடத்தில் நிறுத்தினால் நஷ்டம் தாங்கக்கூடியது. வீட்டை அடகு வைத்த பிறகு நிறுத்துவது அப்படியல்ல.

ஹேரோ பையன் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு சிறிய ஏரோட்ரோமில் பி.பி.எல். பயிற்சியில் இருக்கிறான், வார நாட்களில் கல்லூரி. கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிட்டான். தியரிக்கு எங்கே சேர்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் நான்கு பள்ளிகளின் அங்கீகார எண்களையும், கட்டணம் கட்டும் முறையையும், வகுப்பு நாட்களையும் ஒரு எக்செல் தாளில் போட்டு எனக்கு அனுப்பினான். கடைசிப் பத்தியில் 'கேள்விக்குப் பதில் சொன்னார்களா' என்று ஒரு தலைப்பு. இரண்டு பள்ளிகளுக்கு நேராக 'ஆம்', மற்ற இரண்டுக்கும் இன்னும் காலியாக இருக்கிறது.